உலாவியும் அதன் நீட்சிகளும்

தோற்றுவாய்

ஒரு பொருளைத் தேர்வோர் அப்பொருளின் இயல்பை நோக்கியே தேர்கின்றனர் என்பது பொதுவான கருத்து. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, அப்பொருளோடு வந்து சேரும் பிறவற்றை நோக்கியே பெரும்பாலும் தேர்வு நிகழ்கின்றது என்பது புலனாகும். காவிரி பாயும் நம் தஞ்சைத் தரணியில் இவ்வுண்மையை உழவர் யாவரும் அறிவர். நன்செய் வாங்கப் புகுந்த ஒருவர், மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னரே, "எந்த வாய்க்காற் பாசனம்? தலைமடையா, கடைமடையா? வடிகால் எப்பக்கம்?" என்று வினவுகின்றார். மண் எத்துணை வளமுடையதாயினும், வெண்ணாற்றிலிருந்தேனும் குடமுருட்டியிலிருந்தேனும் பிரிந்து வரும் கிளை வாய்க்கால் ஒன்று வரப்பை எட்டாவிடில், நிலத்தடி நீரை இறைத்தாலன்றிக் குறுவைக்கு வழியில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையைக் கொண்டு கழிக்கும் வடிகால் இல்லாவிடிற் சம்பாப் பயிர் நீரில் மூழ்கி அழுகும். வாங்குவது நிலமேயெனினும், விலையை அறுதியிடுவன வாய்க்காலும் வடிகாலுமே.

இணையத்தைக் காண்பதற்கு நாம் கையாளும் உலாவி என்னும் மென்பொருளின் நிலையும் இத்தகையதே. ஒருவர் ஃபயர்ஃபாக்சையும், மற்றொருவர் குரோமையும், வேறொருவர் எட்ஜையும் விரும்புகின்றனர். விரைவு, தோற்றம், பழக்கம் என்று அவர்கள் பல காரணம் கூறுவர். அவற்றோடு நீட்சி என்னும் சிறு துணையுறுப்புக்களும் அத்தேர்வைப் பெரிதும் நடத்துகின்றன. அவை யாவை, தமிழ் படிப்போர்க்கு அவை செய்த உதவி யாது, அவற்றால் விளையும் இடர் யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

தரங்கம்பாடி தரும் பாடம்

புதியதை விளக்கப் பழையதொன்றைத் துணைக்கொள்வது நலம். காவிரி கடலோடு கலக்கும் பகுதியை அடுத்த தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு ஐயர் 1706-ஆம் ஆண்டில் வந்திறங்கினார். 1712-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலிருந்த கிறித்துவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் அவருடைய திருப்பணிக்கென ஓர் அச்சுப்பொறியை அனுப்பினர். அதனோடு வந்தவை உரோம எழுத்துக்களே. ஆதலின் முதலில் அச்சேறியவை போர்த்துகீசிய மொழி நூல்கள். பொறி வந்துவிட்டது; தமிழுக்கு அது பயன்படவில்லை.

ஜெர்மனி நாட்டு ஹாலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் எழுத்துக்கள் 1713-இல் வந்து சேர்ந்த பின்னரே அப்பொறி தமிழ் பேசத் தொடங்கியது. அவ்வெழுத்துக்களோ உருவிற் பெரியன. ஒரு நூலுக்கு வேண்டிய காகிதம் அளவின்றிப் பெருகியது. எனவே சிறிய எழுத்துக்கள் இவ்வட்டாரத்திலேயே வார்க்கப்பெற்றன. பொறையாற்றிற் காகித ஆலையும் எழுந்தது. 1715-ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. இவ்வரலாற்றிற் பொறி ஒன்றே, அது மாறவில்லை. அதனோடு சேர்க்கப்பட்ட எழுத்தே அதனை நம்மவர்க்கு உரியதாக்கிற்று. இதனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

செருகியும் நீட்சியும்

உலாவி என்பது தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து ஒரு பக்கத்தை வருவித்து, அதன் குறிப்புக்களைப் படித்து, எழுத்தாகவும் படமாகவும் நம் கண்முன் நிறுத்தும் கருவியாகும். 1993-இல் மொசைக், 1994-இல் நெட்ஸ்கேப், 1995-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என உலாவிகள் அடுத்தடுத்துத் தோன்றின. ஒலி, அசைபடம் முதலியவற்றை அவை தாமாகக் காட்ட இயலாமையின், செருகி என்னும் துணை மென்பொருள்கள் எழுந்தன. செருகியானது உலாவி அறியாத பொருளை அறியச் செய்வது. நீட்சியோ உலாவி முன்னரே அறிந்த பொருளைப் பயன்படுத்துவோர் விருப்பிற்கேற்பத் திருத்தி அமைப்பது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

துணையுறுப்பு ஒரு நாட்டின் உலாவித் தேர்வையே முடிவு செய்யக்கூடும் என்பதற்குத் தென்கொரியா சான்று. அந்நாட்டார் 1990-களின் இறுதியில் வங்கி நடவடிக்கைகளைக் காக்கச் 'சீட்' என்னும் மறைகுறி முறையொன்றை வகுத்தனர். அதனை இயக்கும் துணையுறுப்போ 'ஆக்டிவ் எக்ஸ்' என்னும் முறையில் அமைந்தது; அம்முறை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்குவது. விளைவு யாது? பணம் செலுத்தவும் பொருள் வாங்கவும் வேண்டியவர் எவராயினும் அவ்வுலாவியையே நாடவேண்டியதாயிற்று. பிற நாட்டார் வேறு உலாவிகளுக்கு மாறிய பின்னரும் கொரியர் நெடுங்காலம் மாற இயலாதிருந்தனர். அவர்கள் தேர்ந்தது உலாவியை அன்று, வங்கியின் துணையுறுப்பையே.

தமிழ் எழுத்தும் உலாவியும்

நிற்க. நம் மொழியின் நிலையை நோக்குவோம். 1990-களின் பிற்பகுதியில் தமிழ் இதழ்கள் இணையத்தில் ஏறத் தொடங்கின. அக்காலத்தில் ஒவ்வோர் இதழும் தனக்கெனத் தனி எழுத்துருவும், எழுத்துக்கு எண் வழங்கும் தனிக் குறியேற்ற முறையும் வைத்திருந்தது. ஓரிடத்தில் ககரத்தைக் குறிக்கும் எண் மற்றோரிடத்தில் மகரத்தைக் குறித்தது. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்ப் பக்கம், தலைமேற் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துக்களின் குவியலாகவே தோன்றும்.

இத்தொல்லையைத் தீர்க்க, பக்கத்தோடு எழுத்துருவையும் தானே இறக்கிக்கொள்ளும் வழி 1997-ஆம் ஆண்டில் வந்தது. ஆனால் நெட்ஸ்கேப் ஒரு முறையையும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறொரு முறையையும் மேற்கொண்டன. ஒன்றற்குரியதை மற்றொன்று ஏற்காது. நாளடைவில் நெட்ஸ்கேப் தேய, தமிழ்த் தளங்கள் பல இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குரிய முறையையே கைக்கொண்டன. அதனால் தமிழ்ச் செய்தி படிக்க விரும்பியவர் எவ்வுலாவி நல்லது என்று எண்ணிப் பார்க்கும் நிலையில் இல்லை. எழுத்துருவே அவருக்காக உலாவியைத் தேர்ந்துவிட்டது.

1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் பொதுமுறைகளாக அறிவிக்கப்பட்டன. அவற்றின் புறத்தே திஸ்கி முறையும் இணைய அன்பர்களிடையே வழங்கிற்று. உலகப் பொதுவான ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அதனை ஏற்ற கணிப்பொறிகள் இல்லங்களிற் பரவுவதற்குப் பல்லாண்டு சென்றன.

இந்நிலையில், 2004-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் ஃபயர்ஃபாக்சின் முதற் பதிப்பு வெளிவந்தது. அது விரைவும் பாதுகாப்பும் உடையதெனப் பலரும் புகழ்ந்தனர். ஆயினும் பழைய தமிழ்த் தளங்களின் எழுத்துருமுறையை அது அறியாது. அங்ஙனமாயின் தமிழர் அதனை ஏற்றது எங்ஙனம்? நீட்சிகளால் என்க. இந்திய மொழிகளின் பலவேறு குறியேற்றங்களை ஒருங்குறியாக மாற்றிக் காட்டும் 'பத்மா' என்னும் நீட்சி ஃபயர்ஃபாக்சிற்கென எழுந்தது. புரியாத குவியலாய் நின்ற பக்கம், அந்நீட்சியை நிறுவிய பின் தெளிந்த தமிழாகத் தோன்றிற்று. படிப்பதற்கு அஃது உதவியது போன்றே, எழுதுவதற்குத் 'தமிழ்விசை' என்னும் நீட்சி உதவிற்று. கணிப்பொறியில் வேறு மென்பொருள் நிறுவும் உரிமையில்லாத இடங்களிலும், தமிழ்99 முதலிய முறைகளில் உலாவிக்குள்ளேயே தட்டெழுத அது வழிசெய்தது. உலாவி நிலையங்களில் மணிக்கணக்கிற் கட்டணம் செலுத்திக் கணிப்பொறியைப் பயன்படுத்திய காலத்தில் இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதை அக்காலத்து மாணவர் நன்கறிவர்.

இவற்றை இயற்றியோர் பெரும்பாலும் ஊதியம் கருதாத ஆர்வலர். உரோம எழுத்தோடு வந்த அச்சுப்பொறிக்குத் தமிழ் எழுத்து வார்த்துத் தந்தவர்களின் பணியே இவர்கள் பணியும்.

துணை நீங்கிய நாள்

துணையுறுப்பின் பெருமை, அது வேண்டாத நாள் வருமாறு செய்வதிலும் உண்டு. ஒருங்குறி மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசும் அதனைப் பொதுமுறையாக ஏற்றது. தமிழ் விக்கிப்பீடியாவில் தட்டெழுதும் வசதி அத்தளத்திலேயே அமைந்தது. 2019-இல் விண்டோஸ் இயக்குதளம் தமிழ் உள்ளிட்ட 10 இந்திய மொழிகளுக்கு ஒலிப்புமுறை விசைப்பலகைகளைத் தானே வழங்கிற்று. முன்பு நீட்சி செய்த பணியைக் கணிப்பொறியே ஏற்றுக்கொண்டது. அதனால் தமிழின்பொருட்டு ஓர் உலாவியையே பற்றி நிற்கும் நிலை பெரும்பாலும் நீங்கிற்று.

ஆயினும் ஒரு குறை எஞ்சிற்று. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் வெளிவந்த ஃபயர்ஃபாக்சின் 57-ஆம் பதிப்பு, பழைய நீட்சிமுறையை முற்றிலும் கைவிட்டது. பழைய முறை நீட்சிகளுக்கு உலாவியின் உள்ளுறுப்புக்கள் எல்லாவற்றையும் தொடும் உரிமையை அளித்திருந்தது; அதனால் உலாவியைத் திருத்தும்போதெல்லாம் நீட்சிகள் பழுதுற்றன; பாதுகாப்பும் குறைந்தது. எனவே குரோம் முதலியவற்றோடு ஒத்த புதுமுறை ஒன்றை மேற்கொண்டனர். காரணம் தக்கதே. எனினும் புதுமுறைக்கு மாற்றி எழுதப்படாத நீட்சிகள் யாவும் புதிய பதிப்பிற் செயலிழந்தன. ஆர்வலரால் இயன்றபோது இயற்றப்பட்டு, பின்னர்ப் பேணுவார் இல்லாது நின்றவற்றின் கதி யாதாயிருக்கும் என்று கூறவேண்டுவதில்லை.

இதன் விளைவை நாம் கண்கூடாகக் கண்டதுண்டு. நம் மாணவர் ஒருவர் டெல்டாப் பகுதியின் நெற்சாகுபடி குறித்துக் கட்டுரை எழுதப் புகுந்து, பழைய குறுந்தகடு ஒன்றைக் கொணர்ந்தார். 2002-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் நாளிற் திறக்கப்படாது, குறுவை பொய்த்த காலத்துத் தமிழ்ப் பக்கங்களை யாரோ ஒருவர் அதிற் சேமித்து வைத்திருந்தார். உலாவியிற் திறந்தபோது ஓர் எழுத்தும் படிக்கக் கூடவில்லை. "ஐயா, இது தமிழ்தானா?" என்று அம்மாணவர் வினவினார். தமிழ்தான்; அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகளே முற்பட்ட தமிழ். ஓலைச்சுவடியைச் செல் அரித்தால் எஞ்சிய பகுதியையாவது படிக்கலாம். இங்கே ஓரெழுத்தும் அழியவில்லை. படிக்கும் துணையே அழிந்தது. குறியேற்றம் இன்னதென்று ஆராய்ந்து, தனி மாற்றி ஒன்றைத் தேடி ஒருங்குறியாக்க இரண்டு மாலைப்பொழுது சென்றன. வயல் வெடித்துக் கிடந்த அவ்வாண்டின் செய்திகள் அதன் பின்னரே வாய் திறந்தன.

ஆய்வாளர் கருவியாகிய 'சோட்டெரோ'வின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. படித்த நூல்களையும் கட்டுரைகளையும் பட்டியலிட்டுக் காக்கும் அக்கருவி, அமெரிக்க நாட்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தோன்றி, 2006-ஆம் ஆண்டில் ஃபயர்ஃபாக்சின் நீட்சியாகவே வெளிவந்தது. அதன்பொருட்டே அவ்வுலாவியைக் கையாண்ட ஆய்வாளர் பலர். அதனை ஆக்கியோர் ஓர் உலாவியையே நம்பி நிற்பது தகாதென்றுணர்ந்து, 2011-ஆம் ஆண்டிலேயே தனி மென்பொருளாகவும் வெளியிட்டனர். 2017-இல் முழுவதும் தனித்தியங்குவதாக மாற்றினர். எல்லா உலாவிகளுக்கும் சிறு இணைப்பு நீட்சிகள் மட்டும் வழங்கினர். கருவி பிழைத்தது, பயன்படுத்துவோர் உரிமையும் பிழைத்தது. முன்னறிந்து செய்தலின் பயன் இது.

மதகு எவர் கையில்?

இனி, இக்கால நிலையை நோக்குவோம். ஆப்பரா 2013-ஆம் ஆண்டிலும், எட்ஜ் 2020-ஆம் ஆண்டிலும் குரோமிற்கு அடிப்படையான குரோமியம் என்னும் கட்டமைப்பிற்கு மாறின. ஆதலின் ஒன்றற்கு எழுதிய நீட்சி பெரும்பாலும் மற்றவற்றிலும் இயங்கும். அங்ஙனமாயின் உலாவித் தேர்வில் நீட்சிக்கு இனி இடமில்லை என்று சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. 'எந்த உலாவியில் நீட்சி உண்டு?' என்னும் வினா மறைந்து, 'எந்த உலாவி நீட்சிக்கு எவ்வளவு உரிமை தருகின்றது?' என்னும் வினா அதனிடத்தில் எழுந்துள்ளது.

விளம்பரத் தடுப்பு நீட்சிகளே இதற்குச் சான்று. இவை வயலுக்கு வடிகால் போல்வன, வேண்டாதவற்றைக் கழிப்பன. முன்னைய முறையில், பக்கம் விடுக்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் நீட்சி தானே நோக்கி, இதனை விடலாம், இதனைத் தடுக்கலாம் என்று அப்போதைக்கப்போது முடிவு செய்யும். மதகருகே நின்று நீரின் வரவைக் கண்டு பலகையை ஏற்றியிறக்கும் காவலாளரைப் போன்றது அது. குரோம் கொணர்ந்த 'மேனிஃபெஸ்ட்' மூன்றாம் பதிப்பு முறையிலோ, இன்னின்னவற்றைத் தடுக்க என்னும் விதிப்பட்டியலை நீட்சி முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தடுத்தலை உலாவியே செய்யும். விதிகளின் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. நீட்சிகள் நம் போக்குவரத்தை உளவு காணாதிருக்க இது காப்பு என்பது ஆக்கியோர் வாதம். தடுக்கும் ஆற்றல் குறைகின்றதென்பது எதிர்ப்போர் வாதம். விளம்பரத்தாற் பெரும்பொருள் ஈட்டும் நிறுவனமே இவ்விதியை வகுத்தது என்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர்.

இரு பக்கத்தும் ஓரளவு உண்மையுண்டு. எனினும் நிகழ்ந்தது இது: புகழ்பெற்ற 'யூபிளாக் ஆரிஜின்' நீட்சி 2024, 2025-ஆம் ஆண்டுகளிற் குரோமில் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யப்பட்டது, ஆற்றல் சுருங்கிய 'லைட்' வடிவமே அதற்கு எஞ்சியது. ஃபயர்ஃபாக்சு பழைய உரிமையையும் விடாது வைத்துக்கொண்டது. இதன்பொருட்டே உலாவி மாற்றியோர் உளர். கைபேசியிலும் இவ்வேறுபாடு காணலாம். ஆண்டிராய்டுக் கைபேசியிலுள்ள குரோமில் நீட்சிகளுக்கு இடமில்லை. ஃபயர்ஃபாக்சோ 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நீட்சிகளுக்குப் பரந்த வழி திறந்தது. மாதாந்திரத் தரவளவை எண்ணிச் செலவிடும் மாணவர்க்கு, விளம்பரம் நீங்கிய பக்கம் விரைவாக வருதல் சிறு பயனன்று.

எச்சரிக்கை

நீட்சியின் நன்மையே கூறி அதன் தீமையை மறைத்தல் முறையன்று. நீட்சி பலவும் நிறுவுங்கால், "எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்கின்றன. இதன் பொருளை நன்குணர்தல் வேண்டும். அவ்வனுமதி பெற்ற நீட்சி நாம் காணும் பக்கத்தையும், ஆங்கே தட்டெழுதும் கடவுச்சொல்லையும் காண வல்லது.

'கிரேட் சஸ்பெண்டர்' என்னும் நீட்சி, திறந்துவைத்த பக்கங்களை உறங்கச் செய்து கணிப்பொறியின் நினைவகத்தை மிச்சப்படுத்தியது. 20 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதனை நிறுவியிருந்தனர். 2020-ஆம் ஆண்டில் அதனை இயற்றியவர் வேறொருவர்க்குக் கைமாற்றினார். புதிய உடைமையாளர் கையில் அது தீங்குடையதாயிற்றெனக் கண்டு, 2021 பிப்ரவரியிற் கூகுள் அதனை நீக்கிற்று. நிறுவியவர் எவரும் யாதொன்றும் மாற்றவில்லை. வாய்க்கால் அதுவே, மதகைப் பிடித்த கை மட்டும் மாறிவிட்டது.

ஆதலின் மாணவ அன்பர்கள் நீட்சியொன்றை நிறுவுமுன் ஐந்து வினாக்களை எழுப்புதல் நலம். இதனை இயற்றியவர் யார்? இதன் மூலநிரல் யாவரும் காணத் திறந்துள்ளதா? இது கேட்கும் அனுமதி இதன் பணிக்கு ஏற்றதா, மிகையா? அண்மையில் இது திருத்தப்பட்டுள்ளதா? இது நாளை மறைந்தால் நம் எழுத்தும் குறிப்பும் நம்மிடம் எஞ்சுமா? இவற்றுள் இறுதி வினாவே தலையாயது. எஞ்சாது என்பது விடையாயின், எத்துணை இனிய வசதியாயினும் அதன்மேல் நம் உழைப்பை ஏற்றி வைத்தல் தகாது. வங்கிப் பணிக்கு நீட்சிகள் ஏதுமில்லாத உலாவி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வதும் நல்வழக்கமாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், உலாவியை நாம் தேர்வதாக எண்ணினும், பல நேரங்களில் அதன் நீட்சிகளே நமக்காகத் தேர்கின்றன என்பதும், அந்நீட்சிகள் பிறர் வகுக்கும் விதிக்கு உட்பட்டன என்பதும் தெளிவாம். ஆதலின் நீட்சியைத் துணையாகக் கொள்க. அதுவே கதியென்று நில்லற்க. எழுதுவதனை ஒருங்குறியிலே எழுதுக. பொதுவான கோப்பு வடிவிலே சேமிக்க. வீட்டிலோ துறை நூலகத்திலோ பழைய குறியேற்றத்தில் உறங்கும் தமிழ்ப் பக்கங்கள் இருப்பின், மாற்றிகள் கிடைக்கும் இக்காலத்திலேயே அவற்றை மாற்றி வைக்க.

மற்றொன்று. நீட்சி இயற்றுதல் பெருநிறுவனங்களுக்கே இயல்வது என்று எண்ணற்க. ஒரு விவரக் கோப்பும், ஜாவாஸ்கிரிப்டு மொழியிற் சில நூறு வரிகளும் அமைந்தாற் பயனுள்ள சிறு நீட்சியொன்று உருவாகும். நம் கல்லூரிக் கணிப்பொறியியல் மாணவர் ஒரு விடுமுறையிற் செய்து முடிக்கத்தக்க பணியே அது. தமிழ்த்துறை மாணவர் சொல்லும் இலக்கணமும் நல்க, கணிப்பொறித்துறை மாணவர் நிரல் எழுத, இருவரும் கூடிச் செய்யின் இன்னும் சிறக்கும். செய்ததன் மூலநிரலை யாவரும் காணத் திறந்து வைத்தால், நாம் ஓய்ந்த பின்னும் வேறொருவர் அதனைப் பேணுவர்.

ஆண்டுதோறும் நீர் வருமுன் வாய்க்காலைத் தூர்வாருதல் நம் ஊர்வழக்கு. தமக்கு முன்னே வெட்டியவர் எவரென்று அறியாமலே, பின்வருவோர் அதனைத் தூர்வாரிக் காக்கின்றனர். தமிழுக்கு இணையத்தில் வாய்க்கால் வெட்டியோர் பலர்; அவற்றுட் சில தூர்ந்தன. அவற்றைத் தூர்வாரும் முறை இப்போது நம்முடையது.